வாள் செதுக்காத கல்

இரவு பதினொன்று இருபது. அக்டோபர் கடைசி. வடக்கே பழைய இடுகாட்டிலிருந்து காராபுரின் துறைமுகத்துக்கு வரும் மண் சாலை... முப்பத்தெட்டு கிலோமீட்டர். நடுவில் ஒரு விளக்கு இல்லை, ஒரு வீடு இல்லை. வலது பக்கம் காஸ்பியன் கடல். இடது பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. காற்று நின்றால் இரண்டுக்கும் நடுவே மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும்.

இது நம் ஊர் பெர்திகாலியின் மைத்துனன் கோனிஸ்பாய்க்கு நடந்தது. பெர்திகாலியைக் கேட்டால் அப்படி ஒரு மைத்துனனே இல்லை என்பான். முழுதும் கேட்டால் அவனைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

கோனிஸ்பாய் ஒரு வழிகாட்டி. கழுத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை தொங்கும். ஊர் எல்லையில் நகரசபை ஒரு பலகை நட்டிருக்கிறதே, 'வரலாற்றின் வாசல்' என்று? ஆண்கள் ஒதுங்குவதற்கு மட்டும் பயன்படுகிற பலகை. அங்கிருந்து அவன் வேலை தொடங்கும். ரஷ்யர் காலத்துக் கோட்டைச் சுவர், ஆர்மீனிய மீன் வியாபாரியின் மரவீடு, கலங்கரை விளக்கம், கடைசியில் இடுகாடு. நான்கு இடம், நான்கு பொய். கோட்டைக்கு ஒரு கைதி, மரவீட்டுக்கு ஒரு கொலை, கலங்கரை விளக்கத்துக்கு ஒரு காதலி. எல்லாம் அவனே சமைத்தது. வருகிறவர்களுக்கு அவன் வைத்த பேர் 'மந்தை'. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி ஜூமாகுல் கேட்பாள்:

"இன்னைக்கு எத்தனை தலை மேஞ்சுது?"

"பதினொண்ணு. புல்லுன்னு காட்டினா மண்ணையும் தின்னும்."

இடுகாட்டில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கல். அங்கே ஆண்களின் கல்லில் வாள் இருக்கும், கோடரி இருக்கும், இடைவார் இருக்கும். பெண்களின் கல்லில் கூஜா, சீப்பு. ஒரே ஒரு கல்லில் ஒன்றும் இல்லை. பேர் இல்லை, குலக்குறி இல்லை, வாள் இல்லை. ஆள் உயரத்துக்கு வழவழவென்று வெற்றுக்கல். மற்றவர்கள் அதைக் கடந்து போவார்கள். கோனிஸ்பாய் நின்றுவிடுவான்.

"இது எஸ்கெல்தியோட கல்லு. சண்டை அன்னைக்கு அண்ணன் தம்பிங்க ஆறு பேரும் குதிரை ஏறிட்டாங்க. இவன் மட்டும் பொம்பளைங்க கூடாரத்துல போர்வைக்கடியில. ஆறு பிணமும் வந்தப்புறம் வெளிய வந்து, சாப்பாடு ஆச்சான்னு கேட்டானாம்! அதான் செத்தப்போ ஒருத்தனும் வாள் செதுக்கலை."

மந்தை சிரிக்கும். படம் எடுக்கும். கல்லில் முதுகைச் சாய்த்து, பயந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு எடுக்கும்.

வெளிநாட்டுக்காரன் இதோடு விட்டுவிடுவான். கசாக்குக்காரன் விடமாட்டான். அந்தக் கோடையில் அல்மாட்டியிலிருந்து வந்த ஒரு தடித்த கழுத்துக்காரர் கேட்டார். "எஸ்கெல்தி யாரோட மகன்? அப்பன் பேரைச் சொல்லு. அதுக்கு மேலயும் சொல்லு." நம் ஆட்களில் ஒருவனுக்கு ஏழு தலைமுறைத் தகப்பன் பேர் தெரியாவிட்டால் அவன் ஆளே இல்லை, செத்தவனுக்கும் அதே சட்டம். கோனிஸ்பாய்க்கு அங்கே நின்ற நிற்பில் ஏழு பேர் எங்கிருந்து வரும்? வாய்க்கு வந்ததைச் சொன்னான். வாய்க்கு வந்தது அவனுடைய சொந்தப் பரம்பரை.

"ஜானாய் மகன் எஸ்கெல்தி" என்றான்.

ஜானாய், கோனிஸ்பாயின் ஐந்தாவது தகப்பன். உண்மையான ஆள். அவருக்கு ஒரே மகன். ஒரு பொய்யைக் காப்பாற்ற அவருக்கு இரண்டாவதாக ஒரு கோழை மகனைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அதையே எல்லாரிடமும் சொன்னான். புதிதாக யோசிக்கச் சோம்பல்.

அந்த ராத்திரிக்கு வருவோம். பகலில் வந்த ஒரு பெண் கேமரா முக்காலியை அந்தக் கல்லின் மேலேயே சாய்த்து வைத்து மறந்துவிட்டாள். விடியற்காலை அவளுக்கு விமானம். கோனிஸ்பாய் திட்டிக்கொண்டே தன் பழைய ரஷ்ய வேனை எடுத்துக்கொண்டு போனான். இடுகாட்டைத் தாண்டும்போது ரேடியோவை நிறுத்துவது, செத்தவர்களுக்காக இரண்டு கையால் முகத்தைத் தடவிக்கொள்வது... இதெல்லாம் அவன் விட்டுப் பல வருடம். ரேடியோ பாடப் பாடவே இறங்கினான். முக்காலியை எடுத்தான். கல்லின் பின்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தான்.

வண்டியைக் கிளப்பினான். ரேடியோ பாடவில்லை. திருகிப் பார்த்தான். இரைச்சல்கூட இல்லை.

பிறகு வாடை... நனைந்த கம்பளி வாடை. புளித்த ஒட்டகப்பால். அடியில் ஈர மண்.

கண்ணாடியில் பார்த்தான். பின் இருக்கையில் ஒரு கிழவர். ஆட்டுத்தோல் குல்லாய், முழங்கால்மேல் இரண்டு கை.

இடையர் ஒருவர் இருட்டில் ஏறிக்கொண்டார் என்று நினைத்தான். எரிச்சல்தான் வந்தது.

"டவுனுக்கா பெரியவரே? ஏறினது சரி, ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறினா வாய் தேஞ்சா போயிடும்?"

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பி இடுகாட்டைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"அந்த வாள் இல்லாத கல்லு... அதுல படுத்திருக்கறவன் யாரு?"

"எஸ்கெல்தி. ஊரறிஞ்ச கோழை."

"யார் மகன்?"

"ஜானாய் மகன். என்ன பெரியவரே, இத்தனை பழைய குல்லாயைப் போட்டுக்கிட்டு இது கூடத் தெரியாம இருக்கீங்க?"

"நான் தெரியாமத்தான் கிடந்தேன்" என்றார் கிழவர். "ரொம்ப நாளா."

சக்கரத்தின் அடியில் சிப்பிகள் நொறுங்கும் சத்தம். சாலையில் சிப்பி கிடையாது.

"அவனுக்குப் பிள்ளை உண்டா?"

கோனிஸ்பாய் சிரித்துவிட்டான். "போர்வைக்கடியில கிடந்தவனுக்கு எவ பெத்துப் போடுவா? சரி, ஆசையாக் கேக்கறீங்க. ஒண்ணு இருந்துதுன்னு வச்சுக்கோங்க."

"பேரு?"

கண்ணாடிக்கு வெளியே கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. மூடுபனிக்கு நம் பேச்சில் துமான். அதற்குமேல் அவன் மெனக்கெடவில்லை.

"துமான்."

"போதும் பேராண்டி" என்றார் கிழவர். "ஒண்ணு போதும்."

துறைமுகத்தின் முதல் விளக்கு வந்தது. பின் இருக்கை காலி. கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. இருக்கை நனைந்திருந்தது, தொட்டுப் பார்த்தான், ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. கூலி கொடுக்காமல் நழுவிய கிழவன் என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

ஒன்பது நாள் கழித்து அவன் வீட்டில் பெண் பார்த்து முடிக்கும் விருந்து.

ஒரே மகள், மென்சுலு. அவளும் தௌலெத் என்ற பையனும் மூன்று வருடமாகப் பழக்கம். தௌலெத்தின் ஊர் உப்பளத்துக்கு அப்பால் இருக்கும் கிராமம். படகு எஞ்சின் பார்க்கும் சுலெய்மெனின் மகன். நல்ல பையன், கெட்டிக்கார வீடு. அந்த மகளைத் தவிர கோனிஸ்பாய் மதித்த மனிதப்பிறவி உலகத்தில் கிடையாது. அவளுக்கு இது அமைய வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் மனதார வேண்டிக்கொண்டது.

ஏழு தலைமுறைக்குள் ஒரே தகப்பன் இரண்டு பக்கமும் வந்துவிட்டால் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் கிடையாது. அதனால் மார்ச் மாதமே தௌலெத் தன் ஏழு பேரையும் மென்சுலுவின் போனுக்கு அனுப்பியிருந்தான். அவள் அப்பனிடம் காட்டினாள். கோனிஸ்பாய் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தான். "நம்ம பேரு ஒண்ணும் இல்ல. போ, போய்க் கல்யாணத்தைப் பண்ணு." அவ்வளவுதான்.

விருந்தன்று சுலெய்மென் வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். ஆடு அறுத்தாயிற்று. அதன் தலையை மரியாதைக்காகச் சுலெய்மெனின் முன் வைத்தாயிற்று. தேநீர் மூன்று சுற்று. பிறகு முறைப்படி, பெண்ணின் தகப்பன் தன் பரம்பரையைச் சொன்னான்.

"இஸ்பசார். அமன்தாய். கோய்ஷி. ஒதேவ்லி. ஜானாய். சார்மான். பாயிம்பெத்."

"வாழ்க" என்றார்கள். சுலெய்மென் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்கப்பா கோஜா. அவருக்கு அப்பா பெய்சென். பெய்செனுக்கு அப்பன் துமான்..."

கோனிஸ்பாயின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது.

"துமானுக்கு அப்பன் எஸ்கெல்தி. எஸ்கெல்திக்கு அப்பன்..."

சுலெய்மெனே நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"...ஜானாய்" என்று மெதுவாக முடித்தார். "சம்பந்தி, உங்க ஜானாய்... சார்மான் மகனா?"

அறையில் யாரும் மெல்லவில்லை. அடுப்பில் கொழுப்பு வெடித்தது. நனைந்த கம்பளி வாடை. ஜூமாகுல் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள், வாடை போகவில்லை.

"போனைக் கொண்டா" என்றான் கோனிஸ்பாய் மகளிடம். "மார்ச்சுல அனுப்பினதைக் காட்டு."

அவள் காட்டினாள். மார்ச் பதினான்கு, மாலை ஆறு ஐந்து. சுலெய்மென். கோஜா. பெய்சென். துமான். எஸ்கெல்தி. ஜானாய். சார்மான்.

"இது இல்ல! அன்னைக்கு வேற பேரு இருந்துது."

"என்ன பேருப்பா?" என்றாள் மென்சுலு.

அவன் போனைப் பிடுங்கி மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

அப்புறம் அவன் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைச் சொன்னான். "சம்பந்தி, எஸ்கெல்தின்னு ஒருத்தன் கிடையாது. நான் இட்டுக் கட்டினது. டூரிஸ்ட்டுக்குச் சொல்ற கதை. துமானும் நான் சொன்னதுதான், போன வாரம்!"

சுலெய்மென் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"எங்க கிழவன் உனக்குக் கதையா? எங்க வீட்டுல வருஷா வருஷம் அவர் பேரால கிடா வெட்டறோம்யா."

சுலெய்மென் பக்கத்து இளைஞன் ஒருவன் தன் போனைப் பெரியவரிடம் நீட்டினான். யாரோ எடுத்து இணையத்தில் போட்ட வீடியோ. அதில் கோனிஸ்பாய் கல்லைத் தட்டித் தட்டி, "ஜானாய் மகன் எஸ்கெல்தி! சாப்பாடு ஆச்சான்னு கேட்டானாம்!" என்கிறான். சுற்றிலும் சிரிப்பு. சுலெய்மென் அதைக் கடைசிவரை பார்த்தார்.

"சொந்தப் பாட்டன் கல்லுன்னு நீயே சொல்ற. அதுக்கு முன்னாடி நின்னு வித்தை காட்டி, டிப்ஸ் வாங்கியிருக்க" என்றார். "பனி இறங்கிடுச்சு, ராத்திரி வண்டி எடுக்க முடியாது. இல்லன்னா உன் கூரைக்கடியில நிமிஷம் நிக்க மாட்டேன். விடிஞ்சதும் போறோம்."

தௌலெத் மட்டும் படுக்கப் போகும்போது திரும்பினான். "மாமா, தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. தெரியாதுங்கறது ஒரு வார்த்தைதானே?"

ஏழு பேரும் முன்னறையில் படுத்தார்கள். வாசலில் ஏழு ஜோடி பூட்ஸ். மென்சுலு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் இருக்க சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அப்பன் தலையில் கை வைக்கப் போனான், தட்டிவிட்டாள்.

இரவு ஒன்று. கோனிஸ்பாய் வேனை எடுத்தான். அதே சாலை. மூடுபனியில் விளக்கொளி நாலடிக்கு மேல் போகவில்லை. இடுகாட்டுச் சுவர் வந்ததும் இந்த முறை முகத்தைத் தடவிக்கொண்டான். அவசரத்தில் மூக்கில் இடித்துக்கொண்டான்.

கிழவர் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பேராண்டி வந்துட்டான்" என்றார். "மந்தை வரலையா?"

"அவனை எடுத்துக்கங்க" என்றான் கோனிஸ்பாய். "துமானை. எனக்கு வேண்டாம். நான் சொன்னதெல்லாம் பொய்."

"பொய்னு எனக்குத் தெரியாதா? இருநூறு வருஷம் பேரில்லாம கிடந்தவனுக்கு நீ ஒரு அப்பனைக் குடுத்த, பிள்ளையைக் குடுத்த. கோழைன்னும் குடுத்த. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேன். பிச்சைக்காரன் ரொட்டியில கல்லு பொறுக்குவானா?"

"என் பொண்ணு வாழ்க்கை..."

"குடுத்தவன் வாய்தான் எடுக்கணும். நான் தடுக்கலை." கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். சாணியில் மிதித்த செருப்பைப் பார்க்கிற பார்வை. "ஆனா பெய்செனுக்கு ஒரு அப்பன் வேணுமே. மார்ச்சுல உன் கண்ணு முன்னாடி நீட்டினாங்களே, அதுல துமான் இடத்துல இருந்தவன் யாரு? பெய்சென் யார் மகன்? அந்த ஒரு பேரைச் சொல்லு. எல்லாம் பழையபடி இருக்கும்."

கோனிஸ்பாய் கண்ணை மூடினான். போன் ஞாபகம் வந்தது. அதன் ஓரத்து விரிசல் ஞாபகம் வந்தது. காலணி நாடாவின் நிறம்கூட ஞாபகம் வந்தது. பேர்... 'ச'வில் தொடங்கியதா? நீளமான பேரா? கடல் எங்கோ கரையை நக்கிக்கொண்டிருந்தது. அவன் நின்றான். நெடுநேரம் நின்றான். குளிரில் பல் தந்தியடித்தது.

"ஏழே ஏழு பேரு" என்றார் கிழவர். "அதுகூடப் படிக்கலையா? உன் மக கட்டிக்கப் போறவனோட அப்பன்மாரு... அவங்களும் உனக்கு மந்தைதானா?"

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவன் பயந்து வாயை மூடியிருப்பான். கோபம் இல்லை, இளக்காரம்தான் இருந்தது. அது அவனால் தாங்க முடியாதது. இத்தனை நாளும் அதை அவன்தான் மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தான்.

"எவனா இருந்தா என்ன?" என்று கத்தினான். "சுலெய்மெனுக்கு அவன் பாட்டன் பேரு தெரியாமலா போகும்? நான் சொல்றேன் கேட்டுக்கோ. உனக்குப் பிள்ளை கிடையாது. துமான்னு ஒருத்தன் பொறக்கவே இல்லை. வாரிசு இல்லாமத்தான் செத்த!"

கிழவர் எழுந்தார். முட்டி இரண்டும் காய்ந்த சுள்ளிபோல் சத்தம் போட்டன.

"சரி" என்றார்.

அவ்வளவுதான். கல் மட்டும் இருந்தது. மூடுபனிகூட விலகத் தொடங்கியது.

அவன் வீடு வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. வாசலில் பூட்ஸ் இல்லை. முன்னறையில் மெத்தைகள் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. மேல் மெத்தையில் விரல் வைத்தான், தூசி ஒட்டியது. ஜூமாகுல் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கென்ன பைத்தியமா? நாம மூணு பேரு இருக்கற வீட்டுல எதுக்கு முழு ஆட்டை அறுத்து வச்சிருக்கீங்க?"

"சுலெய்மென் எங்கே? தௌலெத் போயிட்டானா?"

"யாரு அவங்க? உங்க மந்தையா?"

மென்சுலு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "ராத்திரி பூரா அழுதிருக்கேன் போலிருக்கும்மா" என்றாள். "எதுக்குன்னே தெரியலை."

அன்று மத்தியானமே அவன் உப்பளத்தைத் தாண்டி அந்தக் கிராமத்துக்குப் போனான். இரண்டு வீடுகளுக்கு நடுவே வெறும் மனை. ஒரு கம்பத்தில் பெண்ணாடு கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் படகு எஞ்சின் பார்ப்பவர் எங்கே என்று கேட்டான். "இந்தப் பக்கம் அந்த வேலைக்கு ஆளே கிடையாதுங்க. பழுதானா காராபுரினுக்குத்தான் இழுத்துக்கிட்டுப் போகணும்" என்றார் அவர்.

இப்போதும் கோனிஸ்பாய் ஆட்களைக் கூட்டிப் போகிறான். நான்கு இடத்திலும் நின்று, "தெரியாது" என்று மட்டும் சொல்கிறான். யாருக்கும் பிடிப்பதில்லை. போட்ட காசு வீண் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

மென்சுலுவுக்கு வரன் எத்தனையோ வந்தது. ஒன்றுக்கும் அவள் சரி என்றதில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை வந்தால் நம் வீடுகளில் செய்வதுபோல அவளும் செத்தவர்களுக்காக எண்ணெயில் ரொட்டி பொரிக்கிறாள். ஏழு ரொட்டி. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் ஒரு பேர் சொல்ல வேண்டும். ஏழும் முடிந்தபிறகு அவள் கை தானாக இன்னொரு உருண்டையை எடுத்துத் தட்டுகிறது. எட்டாவது. அதைப் பொரித்து எடுத்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள்... பேர் வருவதில்லை. அதையும் தட்டில் போட்டு, அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் வரும். பெர்திகாலியே ஒருமுறை அந்தச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். சூடான ரொட்டியை யாரோ கையால் மெதுவாகப் பிய்க்கும் சத்தம்.

அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, பின்னால் நீட்டுகிறாள். கிண்ணம் அவள் கையை விட்டுப் போகிறது. கீழே விழும் சத்தம் மட்டும் கேட்பதில்லை.